நாலரை அடி பழைய லேத், ஆச்சியின் இடியாப்ப உரல், போக மாட்டேன் என்கிற டேப்பர்

பாளைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வேலை வங்கியில், ஆனால் சின்ன வயதிலிருந்தே லேத் (கடைசல் இயந்திரம்) மேல் ஒரு கிறுக்கு. எங்கள் தெருமுனையில் ஒரு கடைசல் பட்டறை இருந்தது, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதன் வாசலில் நின்று இரும்பு சுருள் சுருளாக விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். போன ஆவணியில் பேட்டைப் பக்கம் மூடிவிட்ட ஒரு பட்டறையில் நாலரை அடி லேத் ஒன்று 52,000 ரூபாய்க்குக் கிடைத்தது. குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வந்து, பைப் துண்டுகளை உருளையாகப் போட்டுத் தள்ளி, புறவாசல் கொட்டகைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் ஆறு பேருக்கு அரை நாள் ஆனது. வேகம் மாற்றக் கோன் புல்லி, மரை வெட்டும்போது டூலை நகர்த்த 4 டிபிஐ (அங்குலத்துக்கு 4 மரை) லீட் ஸ்க்ரூ, ஆங்கிளில் வெல்டிங் வைத்த ஸ்டாண்டு. கம்பியைப் பிடிக்கிற சக், மரையில் திருகி ஏறும் வகை.

முதல் வேலை எதுவென்று அம்மா முடிவு செய்துவிட்டார். ஆச்சி காலத்துப் பித்தளை இடியாப்ப உரல் ஒன்று வீட்டில் இருக்கிறது, மேலே கைப்பிடியைத் திருகினால் அச்சு இறங்கும் வகை. திருகாணியின் மரை தேய்ந்துபோய், மாவு கொஞ்சம் இறுகலாக இருந்தாலே நழுவிவிடுகிறது. புதிதாக வாங்கிக்கொள்ளலாம்தான், ஆனால் ஆச்சி கை பட்ட சாமான், அதைக் காயலான் கடையில் போட எங்கள் வீட்டில் யாருக்கும் மனசு வராது.

திருகாணியில் கை வைக்கும் முன் 25 மி.மீ. எம்.எஸ். (சாதா இரும்பு) கம்பியைச் சக்கில் பிடித்து 150 மி.மீ. நீளத்துக்கு டர்னிங் செய்து பார்த்தேன். சக்குக்கு எதிர்முனையில், டெயில் ஸ்டாக் பக்கம், 0.08 மி.மீ. தடிமனாக வருகிறது, இதுதான் அந்த டேப்பர். மூன்று முறை செய்தும் ஏறக்குறைய அதேதான். பெட் (லேத்தின் நீளமான அடிப்பாகம்) தேய்ந்துவிட்டதா, சக்கைச் சுற்றுகிற ஹெட் ஸ்டாக் கோணலா, நான் செய்வதில் தப்பா?

இன்னொன்று. கூட வந்த மோட்டார் 1 குதிரைத்திறன், மூன்று பேஸ். வீட்டில் சிங்கிள் பேஸ்தான். இப்போதைக்கு ஒரு பழைய சிங்கிள் பேஸ் மோட்டாரை மாட்டி ஓட்டுகிறேன், அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு. திருகாணியை எந்த உலோகத்தில் செய்யலாம் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மில் டர்னர்:

தம்பி, விக்கிரமசிங்கபுரம் பக்கம் மில் ஒர்க் ஷாப்பில் முப்பத்தோரு வருஷம் டர்னராக இருந்தவன் நான். ஹெட் ஸ்டாக் போல்ட்டில் ஸ்பேனர் வைத்துவிடாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். லேத் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் கை அங்கேதான் போகும். ஒரு தடவை அதை அசைத்துவிட்டால் பழைய இடத்துக்குக் கொண்டுவரப் பத்து நாள் ஆகும்.

முதலில் உங்கள் சோதனையையே பார்ப்போம். 25 மி.மீ. கம்பி 150 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் டூல் தள்ளுகிற தள்ளலுக்கு அதுவே கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அந்தரத்தில் நிற்கிற முனை கூடுதலாக வளையும், அதனால் அங்கே தடிமனாக வரும். 40 மி.மீ. கம்பி எடுங்கள். சக் பக்கம் ஒன்று, முனையில் ஒன்று என இரண்டு வளையம் மட்டும் விட்டுவிட்டு நடுவில் ஒன்றிரண்டு மி.மீ. குறைத்துவிடுங்கள். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலை நன்றாகத் தீட்டி, 200 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 200 சுற்று) பக்கம் வைத்து, கடைசியாக 0.1 மி.மீ. அளவுக்கு மெல்லிய வெட்டு. டூலை வேலைப் பக்கம் தள்ளுகிற கிராஸ் ஸ்லைடு கைப்பிடியைத் தொடாமல் இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் கடையுங்கள். வெர்னியர் போதாது, மைக்ரோமீட்டர் வேண்டும். டெயில் ஸ்டாக் சென்டரை முனைக்கு முட்டுக் கொடுக்கவே கூடாது. அதைக் கொடுத்தால் அதனுடைய கோணலும் இதோடு சேர்ந்துவிடும், எது எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாது.

அப்படியும் முனை தடிமனாக வந்தால் பெட் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வார்ப்பிரும்புதானே, எப்படி முறுக்கும் என்று கேட்பீர்கள். நாலு காலில் ஒன்று தரையில் சரியாக உட்காராமல் போல்ட்டை இறுக்கினாலே முறுக்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. டெயில் ஸ்டாக் பக்கத்துக் கால்களில், நீங்கள் நிற்கிற பக்கத்துக் காலுக்கு அடியில் மெல்லிய தகடு கொடுத்துத் தூக்குங்கள். அந்த இடத்தில் டூலைத் தாங்கி நகர்கிற சேடில் ஒரு மயிரிழை பின்பக்கம் சாயும், டூல் வேலையை நெருங்கும், முனை மெலியும். சக் பக்கம் தடிமனாக வந்தால் பின் காலுக்குத் தகடு. தகடு கொடுக்கும்போதெல்லாம் போல்ட்டை ஒரே அளவில் இறுக்கிவிட்டு மறுபடி கடைந்து அளக்க வேண்டும். பொறுமைதான் இதில் வேலையே, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும்.

ஒரு சந்தேகம். கொட்டகை புறவாசலில் என்கிறீர்கள். அங்கே கொத்தனார் தண்ணீர் வடிய வாட்டம் விட்டிருப்பாரே, பார்த்தீர்களா?

டூல் உயரத்தையும் பாருங்கள். கம்பிக்கும் டூல் மூக்குக்கும் நடுவே ஆறு அங்குல ஸ்கேலை வைத்து லேசாக அழுத்தினால் ஸ்கேல் நேராக நிற்க வேண்டும். தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வாக இருக்கிறது.

அப்புறம், வீட்டுக் கொட்டகைதானே என்று சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு லேத் முன்னால் நிற்காதீர்கள். கையுறையும் கூடாது. என் கூட வேலை பார்த்தவர் ஒருவருடைய சட்டைக் கையை லீட் ஸ்க்ரூ இழுத்துக்கொண்டது. அது மெதுவாகச் சுற்றுகிற சாமான், அதுவே விடவில்லை.

குற்றாலச் சாரல்:

மோட்டார் விஷயம் நான் சொல்கிறேன். தென்காசியில் இயற்பியல் ஆசிரியை, வீட்டில் ஒரு சின்ன லேத்தும் ஒரு பெஞ்ச் டிரில்லும் வைத்து, வகுப்பில் காட்ட ஸ்டிர்லிங் எஞ்சின் மாடல்கள் செய்கிறேன். (மெழுகுவர்த்திச் சூட்டில் ஓடும் ஒன்று போன மாதம்தான் முடிந்தது. பிஸ்டனைத் தேய்த்துத் தேய்த்து, எண்ணெயே இல்லாமல் தன் எடையில் மெதுவாக இறங்கும்படி கொண்டுவர நாலு வாரம் ஆனது.)

அந்த மூன்று பேஸ் மோட்டாரை விட்டுவிடாதீர்கள் தம்பி. விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) ஒன்று வாங்கிப் போடுங்கள், 230 வோல்ட் சிங்கிள் பேஸ் உள்ளே, 230 வோல்ட் மூன்று பேஸ் வெளியே. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊர் 1 குதிரைத்திறன் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டார் இணைப்பில் வருகின்றன, அதாவது உள்ளே மூன்று கம்பிச் சுருளும் ஒரே முடிச்சில் சேரும். அதை அப்படியே 230-ல் ஓட்டினால் வலு இருக்காது, வெட்டு கொடுத்ததும் நின்றுவிடும். டெல்டாவாக, அதாவது மூன்று சுருளும் முக்கோணமாகச் சேரும்படி, மாற்ற வேண்டும். டெர்மினல் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு முனை இருந்தால் தகடுகளை மாற்றிப் போட்டால் போதும். மூன்றே ஒயர் வெளியே வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு உள்ளேயே இருக்கும், காயில் (கம்பிச் சுருள்) கட்டுபவரிடம் கொடுத்து ஆறு முனையையும் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு அப்படித்தான் செய்ய வேண்டி வந்தது. பெயர்ப்பலகையில் 415-க்கு 1.8 ஆம்பியர் என்று இருந்தால் டெல்டாவில் 3.1 பக்கம் வரும், அந்த அளவைத்தான் விஎஃப்டியில் பதிய வேண்டும். 1.5 கிலோவாட் எடுத்தால் தாராளமாக இருக்கும்.

விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே எந்த சுவிட்சும் போடாதீர்கள். எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். மெயினை அணைத்த பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும், ஐந்து பத்து நிமிடம் கழித்துத்தான் மூடியைத் திறக்கலாம். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெகுநேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகத்தானே சுற்றும், சூடாகிவிடும். வேகம் ரொம்பக் குறைய வேண்டுமென்றால் பெல்ட்டை மாற்றுங்கள். என் முதல் விஎஃப்டிக்குள் ஒரு பல்லி புகுந்து மொத்தமும் கருகிப்போனது, அதனால் இப்போது கொசுவலைத் துணி கட்டிய பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

உங்கள் சக் மரையில் திருகி ஏறுகிற வகை என்பதால் ஒன்று. வேகமாகச் சுற்றும்போது சட்டென்று ரிவர்ஸ் போட்டால் சக் கழன்று மேலே விழும். விஎஃப்டியில் நிற்கும் நேரத்தை 3, 4 விநாடியாக வையுங்கள்.

அம்பை கடைசல்:

அண்ணாச்சி, இடியாப்ப உரல் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்பாசமுத்திரத்தில் எங்கள் தாத்தா சொப்புச் சாமான் கடைந்தவர். மரம் சுற்றும்போதே அரக்குக் கட்டியை அழுத்துவார், அந்தச் சூட்டிலேயே அரக்கு உருகிச் சிவப்பும் மஞ்சளுமாய் மரத்தில் ஏறும். நான் இரும்புக்கும் பித்தளைக்கும் மாறிவிட்டேன், ஆனால் கை அவர் பழக்கிய கை.

திருகாணியில் தேயாத இடம் எப்படியும் மேல் முனையில் கொஞ்சம் இருக்கும். அங்கே பத்து மரைக்கு எத்தனை மி.மீ. என்று அளங்கள். 63.5 வந்தால் அது 4 டிபிஐ, உங்களுக்கு அதிர்ஷ்டம். லீட் ஸ்க்ரூவும் 4 என்பதால் ஒன்றுக்கு ஒன்று கியர் போட்டு, சேடிலை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கிற ஹாஃப் நட்டை எங்கே வேண்டுமானாலும் போடலாம், டூல் அதே தடத்தில்தான் இறங்கும். 60 வந்தால் 6 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை தூரம்). அதற்கு 127 பல் கியர் வேண்டும், வேலை முடிகிற வரை ஹாஃப் நட்டைத் திறக்கவும் கூடாது, ரிவர்ஸிலேயே திரும்பி வர வேண்டும்.

மரை சதுர மரையாகத்தான் இருக்கும். டூல் மூக்கின் அகலம் பிட்ச்சில் பாதி, அதாவது 4 டிபிஐ என்றால் 3.2 மி.மீ., ஆழமும் அதேதான். 25 மி.மீ. திருகாணிக்கு அந்த மரை 5 டிகிரி பக்கம் சாய்ந்து ஓடும், அதனால் டூல் முன்னேறிப் போகிற பக்கத்து விலாவைக் கூடுதலாகத் தீட்டுங்கள். இல்லையென்றால் வெட்டாமல் உரசும். பித்தளைக்கு டூலின் மேல்முகம் மட்டமாக இருக்க வேண்டும். இரும்புக்குத் தீட்டுவது போலச் சாய்வு வைத்தால் டூலைப் பித்தளை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில் ஒரு நைலான் கம்பியில் ஒத்திகை பாருங்கள்.

திருகாணிக்குப் பித்தளையே போதும், எஸ்.எஸ். (எவர்சில்வர்) 304-ல் இவ்வளவு அகலமான சதுர மரை வெட்ட உங்கள் லேத் திணறும். ஆனால் கடையில் கிடைக்கும் கடைசல் பித்தளைக் கம்பியில் சுருள் உதிர்ந்து விழுவதற்காக இரண்டு மூன்று சதவீதம் ஈயம் சேர்த்திருப்பார்கள். திருகாணி மாவைத் தொடாது, அதனால் பரவாயில்லை. மாவை அழுத்துகிற வட்டத்தை மட்டும் அதில் செய்யவே செய்யாதீர்கள், பழையதையே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எஸ்.எஸ். இன்னொன்று, திருகாணி தேய்ந்திருந்தால் அது ஏறுகிற மரையும் தேய்ந்திருக்கும். அதையும் போரிங் செய்து (துளையை அகலமாகக் கடைந்து), உள்மரை வெட்டிய புஷ் (குழாய் போன்ற துண்டு) ஒன்றை இறக்கினால்தான் வேலை முழுமையாகும்.

வண்ணாரப்பேட்டை பட்டறை:

கேட்காத விஷயம்தான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 மழையில் ஆற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தது. அப்போது என் லேத் பெட் வரை முழுகிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் வண்டல் காய்வதற்குள் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன், பார்க்க மனசு பதறினாலும் அதுதான் சரி. காய்ந்த வண்டலோடு சேடிலை நகர்த்தினால் எமரித் தாள் போட்டுத் தேய்த்தது போலாகிவிடும். அப்புறம் மண்ணெண்ணெய், அப்புறம் எண்ணெய். சக்கைப் பிரித்தால் தாடைகளை நகர்த்துகிற ஸ்க்ரோல் முழுக்க மணல். மோட்டாரைக் காயில் கட்டுபவரிடம் கொடுத்துச் சூடு காட்டி ஈரம் போக்கி வாங்கினேன்.

துருப்பிடித்த சின்னச் சாமான்களுக்கு ஒரு வழி: பிளாஸ்டிக் வாளியில் சலவை சோடா கரைத்த தண்ணீர், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், நெகட்டிவ் முனை சாமானில், பாசிட்டிவ் முனை ஒரு பழைய இரும்புத் தகட்டில். ஒரு ராத்திரியில் துரு கருஞ்சேறாகக் கழன்று வந்துவிடும். தகடு எவர்சில்வராக இருக்கக் கூடாது, தண்ணீர் விஷமாகிவிடும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், எரிகிற வாயு வரும். உங்கள் லேத்தை மோட்டாரோடு சேர்த்து எவ்வளவு உயரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு உயரத்தில் வையுங்கள். பாளை மேடுதான், ஆனாலும்.

பாளைக்காரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

மில் டர்னர் அண்ணாச்சி சொன்ன வாட்டம்தான். மட்டப்பலகை வைத்துப் பார்த்தால் தரை சுவரிலிருந்து சாக்கடைப் பக்கம் நன்றாகவே இறங்குகிறது. ஸ்டாண்டின் ஒரு கால் அந்தரத்தில் நின்றிருக்கிறது, நான் போல்ட்டை இறுக்கி அதைத் தரையோடு இழுத்து வைத்திருக்கிறேன். நாலு போல்ட்டையும் தளர்த்தியபோது அந்த மூலை டக் என்று எழும்பியது, காதால் கேட்டேன். அந்தக் காலுக்கு இரும்புப் பட்டை வைத்து உட்கார வைத்துவிட்டு, 40 மி.மீ. கம்பியில் இரண்டு வளையம் கடைந்தேன். 0.05. டெயில் ஸ்டாக் பக்கம் முன் காலுக்கு ஒரு ஷேவிங் பிளேடு, 0.1 மி.மீ. தடிமன். அளந்தால் 0.03. இரண்டாவது பிளேடு வைத்ததும் 0.01-க்கும் கீழே வந்துவிட்டது. அங்கேயே நிறுத்திவிட்டேன். மைக்ரோமீட்டரை இரண்டு வளையத்திலும் மாற்றி மாற்றி வைத்து, விரலுக்கு ஒரே பிடிப்பாக இருப்பதை உணர்ந்தபோது இருந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை.

மோட்டாரில் மூன்றே ஒயர்தான், அக்கா சொன்னபடி ஆறு முனை வெளியே எடுத்தாகிவிட்டது. இப்போது ஒரு மணி நேரம் ஓட்டினாலும் வெதுவெதுப்புதான்.

பத்து மரை 63.5. நைலானில் இரண்டு ஒத்திகை, மூன்றாவது பித்தளை. தடவைக்கு 0.1 என்று 32 தடவை இறக்கினேன். பித்தளை சுருளாகவே வரவில்லை, பொன்தூள் மாதிரி தெறித்து, சட்டைப் பைக்குள் எல்லாம் புகுந்துவிட்டது. உள்மரைதான் சோதித்துவிட்டது. போரிங் பார் மெலிசு, அதிர்ந்துகொண்டே இருந்தது. முதல் புஷ் வீண், இரண்டாவதில் பாரைக் குட்டையாகப் பிடித்து, வேகத்தை ஆகக் கீழே கொண்டுவந்ததும் அடங்கியது. புஷ்ஷை இறக்கி இரண்டு பின் அடித்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி அம்மா மாவைக் கொஞ்சம் இறுகலாகவே பிசைந்து போட்டுத் திருகிப் பார்த்தார். நழுவவில்லை. கைப்பிடி மட்டும் அவர் கைக்கு நீளம் போதவில்லையாம், இரண்டு அங்குலம் கூட்டித் தரச் சொல்லியிருக்கிறார். அம்பை அண்ணன், அந்தப் பிடிக்கு மரத்தில் உருண்டை கடைந்து அரக்கு ஏற்ற வேண்டும் என்று ஆசை. என்ன மரம் எடுக்கலாம்?