புதுப்பிப்பு: போல்ட் வெட்டுறது, மரை சுத்தம் பண்றது

போன பதிவுல எம்10 போல்ட்டை (10 மி.மீ. விட்டம்) நட்டு ஏத்திட்டு வெட்டணும், வெட்டின பிறகு டை (வெளி மரை போடுற கருவி) ஓட்டணும்னு மட்டும் சொல்லியிருந்தேன். கடலூர் துறைமுகப் பக்கம் படகு வேலை செய்றவங்க கேட்டதுக்காக ரெண்டு திருத்தம்.

ஹாட் டிப் ஜிஐ போல்ட்டுல, அதாவது உருகின துத்தநாகத்துல முக்கி எடுத்த இரும்பு போல்ட்டுல, டை ஓட்டாதீங்க. துத்தநாகப் பூச்சை அது வழிச்சு எடுத்துடும், உப்புக் காத்துல அந்த மரைதான் முதல்ல துருப்பிடிக்கும். வெட்டின முனையை அரத்தால சரிபண்ணி, ஜிங்க் பெயின்ட் ரெண்டு கோட் அடிச்சா போதும்.

எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டுல பிரச்சினையே வேற. கிரைண்டர்ல வெட்டுறதா இருந்தா 1 மி.மீ. தடிமன்ல எஸ்எஸ் வெட்டுற வீல் புதுசா போடுங்க. இரும்பு வெட்டின வீல்னா இரும்புத் தூள் ஒட்டி, எஸ்எஸ் துருப்பிடிச்ச மாதிரி பழுப்பாகும். விட்டு விட்டு வெட்டுங்க. சூடா இருக்கும்போது நட்டைக் கழட்டினா மரை கடிச்சுக்கும், நட்டு அசையாம இறுகிடும். அப்புறம் நட்டையும் சேர்த்து வெட்ட வேண்டியதுதான்.

ஆறினதும் முனையைச் சுத்தி 45 டிகிரியில, மரை ஆழத்துக்கு, அதாவது ஏறக்குறைய 1 மி.மீ. அரம் போடுங்க. எண்ணெய் விட்டு நட்டைக் கையாலயே வெளியே கொண்டு வாங்க. முனையில முட்டினா ஸ்பேனரைத் தேடாதீங்க. அரைச் சுத்து உள்ளே தள்ளிட்டு, பிசிறு நிக்கிற அந்த ஒரு மரையை மட்டும் முக்கோண அரத்தால தடவுங்க.

வைஸ்ல மரையை நேரா பிடிக்காம, ரெண்டு நட்டை ஒண்ணோடொண்ணு இறுக்கி அதைப் பிடிங்க. நீளம் குறிக்கும்போது வாஷரையும் கணக்குல சேர்த்து, நட்டுக்கு வெளியே ரெண்டு மரை, அதாவது 3 மி.மீ., விடுங்க.