வன்னியில் போக்குவரத்துக் காபன் குறைப்பு: சனத்தின்ர கருத்தை எப்படிக் கேக்கிறது?

வட்டக்கச்சி வாய்க்கால்:
எல்லாருக்கும் வணக்கம். வாகனப் புகையால வாற காபனைக் குறைக்க மாகாண மட்டத்தில ஒரு கொள்கை வந்தால் அதில கிளிநொச்சிச் சனம் எதை ஏற்கும், எதை எதிர்க்கும் எண்டு அறிய, சில இளைஞர் கழகங்கள் சேர்ந்து ஒரு கருத்துக் கணிப்பு எடுக்கிறம். முடிவைப் பிரதேச சபைகளுக்கும் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) கொடுக்கிறது நோக்கம்.

கேக்க நினைக்கிற விசயம் மூண்டு:
1. பெற்றோல், டீசலில் லீற்றருக்கு ஒரு சிறு மேலதிகக் கட்டணம் எடுத்து அந்தக் காசைப் பஸ் சேவைக்கு விடுறது.
2. ஓட்டோக்களை மின்சாரத்துக்கு மாத்தக் குறைந்த வட்டிக் கடன்.
3. உள்ளூர்ப் பாதைகளில கூடுதல் பஸ், பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 வீதியோரம் சைக்கிள் பாதை.

தொண்டர்கள் 12 பேர், 400 படிவம், இரண்டு சனி ஞாயிறு. முதல் கேள்வியை "சுற்றாடலைப் பாதுகாக்கக் காபன் உமிழ்வைக் குறைப்பதை ஆதரிக்கிறீர்களா?" எண்டு எழுதிச் சும்மா பக்கத்தில கேட்டுப் பார்த்தம். எல்லாரும் "ஓம்" எண்டினம். இதை வைத்து என்ன சொல்லலாம்? எங்க பிழை விடுறம்?

கணக்குப்பிள்ளை:
அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கோ. "நல்லதை ஆதரிக்கிறீங்களா" எண்டு கேட்டால் "ஓம்" தான் வரும். வன்னியில் இதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இடம்பெயர்வுக் காலத்தில் இருந்து இங்க படிவத்தோட வாற ஆக்கள் பெரும்பாலும் நிவாரணம், வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி எண்டு பதிய வந்த ஆக்கள். படிவத்தைக் கண்டவுடன் "இவைக்குப் பிடிச்ச பதிலைச் சொன்னால் பெயர் விழும்" எண்டு ஒரு எதிர்பார்ப்பும், "ஏன் என்ர விபரம் கேக்கினம்" எண்டு ஒரு பயமும் சேர்ந்தே வரும். ரெண்டும் பதிலைக் கெடுக்கும். ஆகவே வாசலில் சொல்ல வேண்டிய முதல் வசனத்தை எழுதிப் பாடமாக்குங்கோ: "இது உதவிப் பதிவு இல்லை. பெயர், அடையாள அட்டை இலக்கம், ஃபோன் நம்பர் ஒண்டும் எழுதமாட்டம். விருப்பம் இல்லாட்டி வேண்டாம் எண்டு சொல்லலாம்." கிராம அலுவலரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகாதேங்கோ. அவர் முன்னால் ஒருத்தரும் "எதிர்க்கிறன்" எண்டு சொல்லாயினம். முன்கூட்டி அவருக்கு அறிவிச்சு, வீட்டு எண்ணிக்கை விபரம் மட்டும் வாங்குங்கோ.

அடுத்தது மாதிரி எடுப்பு. கிளிநொச்சி மாவட்டத்தில் 4 பிரதேச செயலர் பிரிவு, 95 கிராம அலுவலர் பிரிவு. 400 படிவத்தை எழுந்தமானமாக எடுத்தால் வழு (உண்மையில் இருந்து முடிவு விலகக் கூடிய அளவு) ஏறத்தாழ ±5 வீதம் எண்டு புத்தகத்தில் இருக்கும். அது 400 பேரையும் மாவட்டம் முழுக்கத் தனித்தனியாகப் பொறுக்கினால் மட்டும். நீங்கள் வசதிக்கு 20 பிரிவு, பிரிவுக்கு 20 வீடு எண்டு போவீங்கள். ஒரே ஊர்க்காரர் ஒரே கிறவல் றோட்டிலயும் ஒரே பஸ்ஸிலயும் போறவை, போக்குவரத்தைப் பற்றி அவையின்ர பதில் ஒரே மாதிரித்தான் இருக்கும். அந்த ஒற்றுமையை, 0 எண்டால் ஒற்றுமையே இல்லை, 1 எண்டால் எல்லாரும் ஒரே பதில் எண்ட அளவில், 0.15 எண்டு வைத்தால் உங்கட 400 படிவத்துக்கு ஏறத்தாழ 104 படிவத்தின்ர பெறுமதிதான், வழு ±9.6 வீதம். அதே 400 ஐ 40 பிரிவு, பிரிவுக்கு 10 வீடு எண்டு பரப்பினால் பெறுமதி 170 ஆகும், வழு ±7.5 க்கு இறங்கும். பெற்றோல் செலவு கூடும், ஆனால் படிவம் ஒண்டும் கூடாது. என்ர கருத்து, 40 பிரிவுக்குப் போங்கோ.

பிரிவைத் தெரிவு செய்யிற முறை: 95 பிரிவையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின்ர குடும்ப எண்ணிக்கையை மேலிருந்து கீழ கூட்டிக்கொண்டு வாங்கோ. கடைசிக் கூட்டுத்தொகையை 40 ஆல் பிரிச்சால் இடைவெளி. இடைவெளிக்குள் ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து அதில தொடங்கி, இடைவெளியைக் கூட்டிக் கூட்டிப் போக விழுகிற பிரிவுகள் உங்கட பிரிவுகள். பிரிவுக்குள் பொதுநோக்கு மண்டபத்தில் தொடங்கி, குலுக்கலில் விழுந்த ஒழுங்கையால் போய் ஒவ்வொரு ஐந்தாவது வீடும். வீட்டில் ஆரைக் கேக்கிறது எண்டதும் முக்கியம். 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் அடுத்த பிறந்தநாள் ஆருக்கு முதல் வருதோ அவரைத்தான். அவர் இல்லாட்டி இன்னொருக்காப் போங்கோ. வாசலுக்கு வாறவரை மட்டும் கேட்டால் பகலில் வீட்டில் நிக்கிறவையின்ர கருத்து மட்டும் சேரும். சந்தியில் தேத்தண்ணிக் கடையில் நிண்டு கேட்டால் ஆம்பிளையளின்ர கருத்துத்தான் வரும்.

கேள்வி அமைப்பில் செய்ய வேண்டியது: "கடந்த ஏழு நாளில் எங்க எங்க போனீங்கள், எதில போனீங்கள், செலவு எவ்வளவு" எண்டு தொடங்குங்கோ. பிறகு கட்டணம். "லீற்றருக்கு 10 ரூபாய் கூடினால் சம்மதமா", சம்மதம் எண்டால் 20, பிறகு 50. எல்லாப் படிவத்திலயும் 10 இல் தொடங்கினால் சனம் அந்த எண்ணோடயே ஒட்டிவிடும். அரைவாசிப் படிவத்தில் 50 இல் தொடங்கி இறங்குங்கோ. அதே மாதிரி அரைவாசியில் கட்டணத்தைச் சொல்லிப் பிறகு பஸ்ஸைச் சொல்லுங்கோ, மற்றதில் பஸ்ஸை முதல். ரெண்டு விதப் படிவத்தின்ர பதிலுக்கும் இடையில் வித்தியாசம் பெரிசாக இருந்தால், சனம் இன்னும் முடிவெடுக்கேல்லை எண்டு அர்த்தம். அதையும் அறிக்கையில் எழுத வேணும். "தெரியாது" எண்ட கட்டத்தை எந்தக் கேள்வியிலயும் சேர்க்காமல் விடாதேங்கோ.

ஏ35:
கணக்குப்பிள்ளை சொன்னதுக்கு மேல ஒண்டு. மாகாணத்தால் செய்ய முடியாததைச் சனத்திடம் கேட்டால் பதில் வந்தும் பிரயோசனம் இல்லை. எரிபொருள் விலையும் அதன் மீதான வரியும் மத்திய அரசிடம். வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாணத்திடம். மாகாணத்துக்குள் ஓடுற தனியார் பஸ்ஸின்ர வழித்தட அனுமதி, நேர அட்டவணை மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையிடம், இலங்கைப் போக்குவரத்துச் சபையின்ர (இபோச) டிப்போ மத்திக்குக் கீழ. ஏ35 வீதி அபிவிருத்தி அதிகார சபையின்ர வீதி. அதில சைக்கிள் பாதை போடப் பிரதேச சபையால் முடியாது, ஆனால் உள்ளூர் வீதியில் முடியும். 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின்ர காலம் முடிஞ்ச பிறகு ஆளுநரின்ர நிர்வாகம்தான். "முடிவெடுக்கிறது ஆர்" எண்டு கேட்டால் என்ன சொல்லுறது எண்டும் தொண்டர்களுக்குப் பழக்குங்கோ.

இனிப் பஸ். "பஸ் கூடினால் காபன் குறையும்" எண்டு படிவத்தில் எழுதி வைக்காதேங்கோ, வன்னியில் அது எல்லா நேரமும் உண்மை இல்லை. கணக்கைப் பாருங்கோ. ஒரு லீற்றர் பெற்றோல் எரிய ஏறத்தாழ 2.3 கிலோ காபனீரொட்சைட்டு, டீசலுக்கு 2.7 கிலோ. பரந்தன் – முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். பெரிய பஸ் லீற்றருக்கு 3.5 கிலோமீற்றர் ஓடினால் ஒரு பயணத்துக்கு 14 லீற்றருக்கு மேல, ஏறத்தாழ 39 கிலோ. லீற்றருக்கு 45 ஓடுற மோட்டார் சைக்கிள் அதே தூரத்துக்கு 2.6 கிலோ. அப்ப மோட்டார் சைக்கிளில் தனியப் போயிருக்கக் கூடிய 15 பேரையாவது பஸ் ஏத்தினால்தான் ரெண்டும் சரிக்குச் சரி. மோட்டார் சைக்கிளுக்கு ரெண்டு பேர் எண்டால் 30 பேர் வேணும். பள்ளிக்கூட நேரத்தில் 50 பேர் தொங்கிக்கொண்டு போகேக்க ஆளுக்கு 0.8 கிலோவும் இல்லை. மத்தியானம் 11 மணிக்கு 6 பேரோட போகேக்க கணக்குத் தலைகீழ். லீற்றருக்கு 6 ஓடுற சிறிய பஸ்ஸை மத்தியானத்துக்கு விட்டால் 9 பேர் போதும்.

இதுக்காக மத்தியானப் பஸ்ஸை நிறுத்தச் சொல்லேல்லை. வயதானவை ஆஸ்பத்திரிக் கிளினிக் முடிஞ்சு வீட்டுக்கு வாறது அந்தப் பஸ்ஸிலதான். ஆனால் அதைக் காபன் குறைப்பு எண்டு சொல்லிச் சனத்தின்ர சம்மதம் வாங்கக் கூடாது, போக்குவரத்து உரிமை எண்டு சொல்லித்தான் கேக்க வேணும்.

சனம் பஸ்ஸை விட்டு மோட்டார் சைக்கிளுக்குப் போனது ரிக்கற் விலையால் மட்டும் இல்லை, பஸ் எப்ப வரும் எண்டு தெரியாததால. இபோசவும் தனியாரும் ஒரே நேரத்தில் ரெண்டும் ஓடி, பிறகு ஒரு மணித்தியாலம் ஒண்டும் இல்லாமல் கிடக்கும். இணைந்த நேர அட்டவணையை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினால் ஒரு புதுப் பஸ்ஸும் வாங்காமல் பாதிப் பிரச்சினை குறையும். இதை நாலாவது விசயமாகச் சேருங்கோ.

மல்லாவி:
நேரம் கேட்டால் போதாது. பெண்களிட்ட "கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு வேணும்", "இறங்கிற இடத்தில் வெளிச்சம் இருக்கா", "நெரிசலில் தொந்தரவு இருக்கா" எண்டு தனியக் கேளுங்கோ. பெண் தொண்டர்தான் கேக்க வேணும், வீட்டு ஆம்பிளையள் பக்கத்தில் நிக்கக் கூடாது. போரில் காலிழந்தவை, ஊன்றுகோலோட நடக்கிறவை இங்க நிறையப் பேர். அவைக்குப் பஸ்ஸின்ர முதல் படி உயரம்தான் கொள்கை. "பஸ் வந்தால் ஏறுவீங்களா" எண்டு கேட்டால் ஓம் எண்டுவினம். "ஏற முடியுமா" எண்டு கேளுங்கோ.

மின்கலம்:
ஓட்டோக் கேள்வியைப் பற்றி. "மின்சார ஓட்டோவுக்குக் கடன் தந்தால் மாத்துவீங்களா" எண்டால் எல்லாச் சாரதியும் ஓம் எண்டுவினம், ஏனெண்டால் கேள்வியில் கடன் மட்டும்தான் இருக்கு. முழுச் செலவையும் கேள்விக்குள் வைக்க வேணும்.

நாளுக்கு 60 கிலோமீற்றர் ஓடுற ஓட்டோவை எடுங்கோ. லீற்றருக்கு 25 எண்டால் 2.4 லீற்றர், 5.5 கிலோ காபனீரொட்சைட்டு. மின்சாரத்தில் சார்ஜ் நட்டத்தோட ஏறத்தாழ 5 அலகு. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின்ர நிலக்கரியும் கலந்த எங்கட மின்சாரத்துக்கு அலகுக்கு அரைக் கிலோ எண்டு வைத்தாலும் 2.5 கிலோதான், அரைவாசிக்கும் குறைவு. காபன் பக்கம் நியாயம் இருக்கு.

சிக்கல் கரண்ட் பில்லில். 26 நாள் ஓடினால் மாதம் 130 அலகு. வீட்டில் ஏற்கெனவே 60 அலகு எரிச்சால் மொத்தம் 190. வீட்டுக் கட்டணத்தில் 60 ஐத் தாண்டினவுடன் முதல் அலகில் இருந்தே வேற அட்டவணை, 180 ஐத் தாண்டினால் உச்சப் படி, நிலையான கட்டணமும் ஏறும். ஓட்டோவுக்கு எரிச்ச 130 அலகால் வீட்டு லைற்றின்ர விலையும் கூடும். சாரதி பெற்றோல் செலவோட ஒப்பிட வேண்டியது பில் முழுக்கக் கூடின தொகையை. தனி மீற்றரோ, சந்தியில் பொதுச் சார்ஜ் இடமோ தந்தால் பதில் மாறுமா எண்டு கேளுங்கோ.

வயரிங்கும் கவனம். லைற் சுற்றின்ர மெல்லிய வயரிலயும் பழைய பிளக்கிலயும் மணிக்கணக்காகச் சார்ஜ் இழுத்தால் பிளக் சூடாகி உருகலாம். தனிச் சுற்று, 4 சதுர மில்லிமீற்றர் வயர், 20 அம்பியர் பிறேக்கர், சரியான ஏர்த், ட்ரிப் சுவிட்ச் வேணும். பற்றறி ஈய அமிலம் எண்டால் தினசரிச் சார்ஜில் 300 – 500 சுற்றோட களைச்சிடும். லித்தியம் இரும்புப் பொஸ்பேற் 2,000 சுற்றுக்குக் கிட்டப் போகும். கடன் அஞ்சு வருசம், பற்றறி ஒண்டரை வருசம் எண்டால் சாரதி கடனிலயே நிப்பார். கார்த்திகை, மார்கழி வெள்ளத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் தண்ணி போனால் திருத்த ஆள் கிளிநொச்சியில் இருக்கிறாரா எண்டதும் கேள்வியில் வர வேணும்.

வட்டக்கச்சி வாய்க்கால்:
மிச்சம் நன்றி. ஏ35 அண்ணை சொன்னபடி எரிபொருள் கட்டணம் மாகாணத்தின்ர கையில் இல்லாட்டி அந்தக் கேள்வியை எடுத்துவிடவா? சில பேர் அது வந்தாலே சண்டை வரும் எண்டினம்.

முள்ளியவளை:
எடுக்காதேங்கோ. மாகாணம் அறவிட முடியாட்டியும் மத்திக்குச் சொல்ல ஒரு கருத்து வேணும். இந்தக் கேள்வியில்தான் வேற இடங்களில் பிராந்தியத் திட்டங்களே விழுந்திருக்கு. அமெரிக்காவின்ர வடகிழக்கில் 2020 டிசெம்பரில் மசசூசெற்ஸ், கனெற்றிகட், ரோட் ஐலண்ட், வொஷிங்டன் நகரம் நாலும் ஒப்பந்தம் செய்தன. எரிபொருள் விநியோகிக்கிற கம்பனியள் உமிழ்வு உரிமம் வாங்க வேணும், 2022 இல் இருந்து 2032 க்குள் 26 வீதம் குறைக்க வேணும், வாற காசில் ஆகக் குறைஞ்சது 35 வீதம் புகையாலும் போக்குவரத்துக் குறைவாலும் கூடப் பாதிக்கப்பட்ட சமூகங்களுக்கு. எழுத்தில் நல்ல திட்டம். 2021 இல் பெற்றோல் விலை ஏறினது, நவம்பரில் கனெற்றிகட்டும் மசசூசெற்ஸும் விலகின, திட்டம் நிண்டது. விலை அமைதியாக இருக்கேக்க கேட்ட கருத்து விலை ஏறேக்க நிலைக்கேல்லை.

எங்கட நாட்டிலயும் 2019 இல் வாகன அனுமதிப்பத்திரத்தோட சேர்த்துக் காபன் வரி வந்தது. ஏறத்தாழ ஒரு வருசத்தில் நீக்கினார்கள். கட்டினவைக்கு அந்தக் காசு எந்த வீதிக்கு, எந்தப் பஸ்ஸுக்குப் போனது எண்டு காட்ட ஒண்டும் இருக்கேல்லை. ஆகவே கட்டணக் கேள்விக்குப் பின்னால் ரெண்டு துணைக் கேள்வி போடுங்கோ: "காசு ஆரின்ர கணக்கில் இருக்க வேணும்?" (மத்தி, மாகாணம், பிரதேச சபை, தெரியாது), "பெற்றோல் விலை இன்னும் 50 ரூபாய் ஏறினாலும் உங்கட பதில் இதேயா?"

வன்னிக்கு எரிபொருள் எண்டது விலை மட்டும் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின மண் இது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீடு தொடங்கேக்க மோட்டார் சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். "குறைக்கிறம்" எண்ட சொல்லைக் கேட்டவுடன் சனத்துக்கு ஞாபகம் வாறது வரிசையும் வெறும் கானும். "இது பங்கீடு இல்லை, ஒருத்தரின்ர எரிபொருளையும் வெட்டுற திட்டம் இல்லை" எண்டு தெளிவாக வாசிச்சுப்போட்டுக் கேளுங்கோ. "காபன் உமிழ்வு" எண்டதுக்குப் பதிலாக "வாகனப் புகையில் வெளியேறி வெப்பத்தைக் கூட்டுற வாயு" எண்டு படிவத்தில் எழுதினால் வயல்காரருக்கும் விளங்கும்.

கணக்குப்பிள்ளை:
முள்ளியவளை சொன்ன ரெண்டு கேள்வியையும் கட்டாயம் சேருங்கோ. நேரத்தைப் பற்றி மட்டும் மிச்சம்: மாசி, பங்குனி காலபோக அறுவடையில் வீடுகள் பூட்டிக் கிடக்கும், ஐப்பசி தொடக்கம் மார்கழி மழையில் பூநகரிப் பக்கம் உள் ஒழுங்கையளுக்குள் போக ஏலாது. வைகாசி, ஆனி நல்லது. 12 பேரையும் ரெண்டு ரெண்டு பேராக 6 குழு ஆக்குங்கோ, ஒவ்வொரு குழுவிலயும் ஒரு பெண். 40 பிரிவை 4 நாளில் முடிக்கக் குழுவுக்கு நாளுக்கு ரெண்டு பிரிவு கூட வராது. படிவத்துக்கு 20 நிமிசம் (குழுவில ரெண்டு பேரும் வேற வேற வீட்டில கேட்டால்தான் நேரம் காணும்), காலை 7 தொடக்கம் 10, பின்னேரம் 4 தொடக்கம் 6. முதல் நாள் பின்னேரமே அண்டைக்கு நிரப்பின படிவத்தையெல்லாம் ஒரு மேசையில் போட்டுப் பாருங்கோ. ஒரு குழுவின்ர படிவத்தில் மட்டும் "தெரியாது" ஒண்டுமே இல்லாட்டி, அந்தக் குழு பதிலைத் தாங்களே எடுத்துக் கொடுத்திருக்கும். அடுத்த நாள் அவையோட வேற ஒருத்தரை அனுப்புங்கோ.