பீர் புளிக்க வைக்க எந்த பார் ஃப்ரிட்ஜ்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பீனிக்ஸ் புளிப்பு (டர்பன், தென்னாப்பிரிக்கா)

90 லிட்டர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பார் ஃப்ரிட்ஜ். 25 லிட்டர் வாளி உள்ளே உட்கார்ந்தது, மூடியில் வாயுவை வெளியே விடும் தண்ணீர்க் குழாயான ஏர்லாக்கும் இடிக்கவில்லை. கதவைச் சாத்தினால் இரண்டு விரல் இடைவெளி! பின்னால் கீழே இருக்கும் கம்ப்ரசர் மேடு வாளியை முன்னால் தள்ளிவிடுகிறது. லிட்டர் கணக்கை நம்பாதீர்கள், அதில் கதவுத் தட்டும் ஐஸ் பெட்டியும் சேர்த்தி. அளக்க வேண்டியது இரண்டு: மேட்டின் முன்விளிம்பிலிருந்து கதவு வரை ஆழம், வாளியை மேட்டின் மேல் பலகை போட்டு ஏற்றுவதானால், அங்கிருந்து ஐஸ் பெட்டியின் அடிவரை உயரம். வாளி 33 செ.மீ. அகலம், 40 உயரம், ஏர்லாக்குக்கு இன்னும் 12. அட்டையில் அந்த அளவுக்கு வெட்டிக் கடைக்கே எடுத்துப் போங்கள். பிப்ரவரி ஈரக்காற்றில் அந்த இரண்டு விரல் திறந்திருந்தால் ஐஸ் பெட்டி முழுக்க உறைபனி, கம்ப்ரசர் ஓய்வே இல்லாமல் ஓடும்.

இஞ்சியும் ஈஸ்ட்டும் (சாட்ஸ்வர்த்)

அண்ணா, இரண்டு விரலுக்காக வேறு ஃப்ரிட்ஜ் தேட வேண்டியதில்லை. கதவின் உள்பக்கத் தட்டுகளை எடுத்தாலே 5 செ.மீ.க்கு மேல் கிடைக்கும். ரப்பர் வாரைத் தூக்கிப் பாருங்கள். பல மாடல்களில் அதன் அடியில் திருகுகள் வரிசையாக இருக்கும். தட்டு வார்ப்பை வெட்டி எடுத்துவிட்டு, தட்டையான பிளாஸ்டிக் தகடு வைத்து, ஓரத்தை அலுமினிய டேப்பால் ஒட்டி, அதே திருகுகளை முடுக்குங்கள். ரப்பர் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். நான்கு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் சரி.

மறக்க முடியாதது ஐஸ் பெட்டி. அதை மெல்லக் கீழே வளைத்தால் இடம் கிடைக்கும் என்று பலர் சொல்வார்கள். நான் வளைக்கும்போது மூலையில் குளிர்வாயுக் குழாய் மடிந்தது. 'உஸ்ஸ்' என்று சில நொடி, அப்புறம் நிசப்தம். ஃப்ரிட்ஜ் செத்தது. புதியவற்றில் அந்த வாயு பெரும்பாலும் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சில பத்து கிராம்தான், ஆனாலும் தீப்பிடிக்கும். சன்னலைத் திறங்கள், சுவிட்சைக்கூடத் தொடாதீர்கள். பக்கச் சுவரில் ஓட்டை போடுவதும் இதே கதைதான். முதுகில் கறுப்புக் கம்பிவலை இல்லாத மாடல் என்றால் சூட்டுக்குழாய் சுவருக்குள் ஓடுகிறது என்று அர்த்தம். வெப்பம் அளக்கும் சென்சாரின் ஒயர் மெல்லியது, ரப்பர் இடுக்கிலேயே போய்விடும். ஓட்டையே வேண்டாம்.

லெனேசியா லாகர் (ஜோஹன்னஸ்பர்க்)

கதவு, ரப்பர் எல்லாம் பிறகு. சத்தம் வராது என்று பெல்டியர் பெட்டி (கம்ப்ரசர் இல்லாமல் மின்தகட்டால் குளிர்விப்பது) வாங்கப் பார்க்கிறவர்கள் முதலில் கணக்கைப் பாருங்கள். 23 லிட்டர் வோர்ட்டை (இன்னும் புளிக்காத மால்ட் சாறு) 30 டிகிரியிலிருந்து 18க்கு இறக்க ஏறக்குறைய 1150 கிலோஜூல் வெளியேற்ற வேண்டும். பெல்டியர் 20 வாட் வெப்பத்தை இழுத்தாலும், துளியும் கசிவில்லை என்று வைத்துக்கொண்டாலும், 16 மணி நேரம். கசிவைச் சேர்த்தால் ஒரு நாளும் போதாது. புளிக்கத் தொடங்கியதும் ஈஸ்ட் தானே சூடு விடும். உச்சத்தில் வாளி சுற்றுக்காற்றைவிட 3, 4 டிகிரி அதிகம் நிற்கும். அப்போதுதான் நெயில் பாலிஷ் வாடையும் தொண்டை எரிச்சலும் பீரில் ஏறுகிறது. கம்ப்ரசர் உள்ளதையே வாங்குங்கள். பின்புறத் தகட்டில் தட்பவெப்ப வகை அச்சிட்டிருக்கும். 'என்' என்றால் வெளிச்சூடு 32 டிகிரி வரை, 'எஸ்டி' 38, 'டி' 43. டர்பன் கராஜுக்கு 'எஸ்டி'க்குக் கீழே வேண்டாம்.

எங்கள் பக்கம் குளிர்கால ஜூன் இரவில் நேர்மாறு. அதற்கு வாளியைச் சுற்றி 25 வாட் சூட்டுப்பட்டை.

மாரிட்ஸ்பர்க் மால்ட்

சென்சாரை எங்கே வைப்பது என்பதை மூன்று பேரும் விட்டுவிட்டீர்கள். ஃப்ரிட்ஜுக்கு மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் வெப்பக் கன்ட்ரோலர் எஸ்டிசி-1000 திரையில் 18.0 என்று மின்னுகிறது. வாளியில் ஒட்டிய வெப்பமானிப் பட்டையில் 23! சென்சார் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று இரண்டு நிமிடத்தில் குளிரும், கம்ப்ரசர் நிற்கும், வாளிக்கு அந்தக் குளிர் எட்டவே எட்டாது. சென்சாரை வாளியின் வெளிப்புறத்தில், பீர் மட்டத்துக்குக் கீழே பாதி உயரத்தில் வைத்து, மேலே ஒரு அங்குல நுரைத்துண்டு அழுத்தி இறுக ஒட்டுங்கள்.

அமைப்பு: எஃப்1 (வேண்டிய வெப்பம்) 18, எஃப்2 (அனுமதிக்கும் வித்தியாசம்) 0.5, எஃப்3 (கம்ப்ரசர் தாமதம்) 10 நிமிடம். எஃப்3தான் கம்ப்ரசருக்கு உயிர். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) முடிந்து கரண்ட் வந்ததும் அது உடனே கிளம்பாமல் தடுக்கும். கரண்ட் இரண்டரை மணி நேரம் போனாலும் கதவைத் திறக்காவிட்டால் 23 லிட்டர் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏறாது. திறந்து திறந்து பார்ப்பவர்களுக்குத்தான் ஏறும். ஃப்ரிட்ஜின் சொந்தக் குளிர்க் குமிழை உச்சக் குளிரில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு தெர்மோஸ்டாட்டும் சண்டை போடும். ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனியைத் தானே உருக்கும்) மாடல் வேண்டாம். கன்ட்ரோலர் மின்சாரத்தை வெட்டும்போதெல்லாம் அதன் விசிறியும் பனி உருக்கும் கடிகாரமும் சேர்ந்து நிற்கும்.

இஞ்சியும் ஈஸ்ட்டும்

மால்ட் அண்ணா, 18 முழுக்காலமும் வேண்டாமே. முதல் நான்கைந்து நாளுக்குத்தான் அது. ஏல் (மிதமான சூட்டில் புளிக்கும் பீர்) என்றால் நுரை அடங்கியதும் 20க்கு ஏற்றுங்கள், வெண்ணெய் வாடை போய்விடும். கடைசியில் கசடு படிய 2 டிகிரிக்கு இறக்கும் முன் ஏர்லாக் தண்ணீரைக் கொட்டி, துளையை ஃபாயிலால் மூடுங்கள். வாளி குளிரும்போது உள்ளிழுக்கும், அந்த அழுக்குத் தண்ணீர் நேராகப் பீருக்குள் போகும். ஃப்ரிட்ஜின் அடியில் ஒரு கிண்ணம் கால்சியம் குளோரைடு (ஈரத்தை உறிஞ்சும் உப்பு) வையுங்கள். இந்த ஊர் ஈரத்துக்கு வாரத்தில் கிண்ணம் நிறைந்துவிடும், கொட்டிவிட்டு மாற்றுங்கள்.