பீட் எடோச்சி: நடிகரா, நல்ல குரலா?

கூத்துப்பித்தன்:
நைஜீரியப் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் போதும், உடனே யாராவது பீட் எடோச்சி என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். நேரடியாகவே சொல்கிறேன், எனக்கு அவர் பெரிய நடிகராகத் தெரியவில்லை. கனத்த குரல் உள்ள வானொலிக்காரர், அவ்வளவுதான். தலையில் சிவப்புத் தொப்பி, கழுத்தில் பவழ மாலை, கையில் விசிறி, சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி, எதிரே நாலு பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், இவர் ஒரு பழமொழி சொல்வார், காட்சி முடிந்துவிடும். ஒரு படத்தில் இக்வே, அதாவது தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்களுடைய அரசர், அடுத்ததில் குலத்தலைவர், அதற்கடுத்ததில் கறாரான அப்பா, அப்புறம் மறுபடி இக்வே. நான் பார்த்த பத்துப் பன்னிரண்டு படங்களில் உடை மாறியது, ஆள் மாறவில்லை.

அலைவரிசை77:
வானொலிக்காரர் என்பதை ஏதோ வசவு மாதிரி சொல்கிறீர்களே. 1967-இல், இருபது வயதில், எனுகுவில் இருந்த கிழக்கு நைஜீரிய ஒலிபரப்பில் நிகழ்ச்சிப் பிரிவின் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். அது என்ன வருடம் என்று பாருங்கள்: மே மாதக் கடைசியில் நைஜீரியாவின் கிழக்குப் பகுதியைப் பியாஃப்ரா என்ற தனிநாடாக அறிவிக்கிறார்கள், தலைநகர் எனுகு, ஜூலையில் போர் மூளுகிறது, அக்டோபரில் எனுகு விழுந்துவிடுகிறது. அப்படிப்பட்ட காலத்தில் தொடங்கி, பிற்பாடு அனம்ப்ரா மாநில ஒலிபரப்பில் நிகழ்ச்சி இயக்குநர் வரை போனவர். நிலைய விவகாரங்களில் அரசியல் புகுந்ததும் வெளியே வந்தார். வானொலியில் முகமும் உதவிக்கு வராது, கையும் வராது. எங்கே மூச்சை நிறுத்துவது, எந்தச் சொல்லைத் தள்ளிப்போடுவது என்பதை வைத்தே கேட்பவனை உட்காரவைக்க வேண்டும். அது நடிப்பு இல்லையா?

அப்புறம், தமிழில் 'சிதைவுகள்' என்று வந்த சினுவா ஆச்சிபியின் நாவலை 1980-களில் நைஜீரிய அரசுத் தொலைக்காட்சி தொடராக எடுத்தபோது, கதாநாயகன் ஒக்கொன்க்வோவின் வேடம் இவருக்குத்தான் போனது. அதைப் பார்த்த தலைமுறைக்கு ஒக்கொன்க்வோ என்றால் இன்றும் இவர் முகம்தான்.

கூத்துப்பித்தன்:
ஒக்கொன்க்வோவை நீங்களே எடுத்தது நல்லதாயிற்று. நாவலில் அவனுக்குக் கொஞ்சம் திக்குவாய். கோபம் வந்தால் சொல் வெளியே வராது, அதனால்தான் கை நீளும். அவன் மல்யுத்தக்காரன், பேச்சுக்காரன் இல்லை. புல்லாங்குழல் வாசித்துக்கொண்டு, கடன் வாங்கிக்கொண்டு, இனிமையாகப் பேசித் திரிந்தவர் அவன் அப்பா, அந்த இனிமை மேலேயே இவனுக்கு வெறுப்பு. அப்படிப்பட்டவனுக்குக் கேட்கக் கேட்கச் சுகமான ஒரு குரலைக் கொடுத்துவிட்டால் அவன் ஒக்கொன்க்வோதானா? போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் வேறு பேசுகிறான். இக்போ கிராமத்துச் சேனைக்கிழங்கு விவசாயி!

அலைவரிசை77:
திக்குவாய் பற்றிச் சொன்னது யோசிக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆங்கிலத்துக்கு அவர் தலையை உருட்டாதீர்கள். நாடு முழுக்கப் போகும் தொலைக்காட்சி, வேறு மொழி பேசும் ஹவுசாக்காரரும் யொருபாக்காரரும் பார்க்க வேண்டும், நாவலே ஆங்கிலத்தில் எழுதியதுதான். இக்போப் பேச்சின் நடையை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்தது ஆச்சிபியின் வித்தை. அதைக் கண்ணால் படிப்பது ஒன்று, செயற்கையாகத் தெரியாமல் வாயால் சொல்வது வேறு வேலை. இன்னொன்று, ஆச்சிபியும் வானொலிக்காரர்தான்! 1954-இல் லாகோசில் ஒலிபரப்புத் துறையின் உரைப் பிரிவில் சேர்ந்து, வாயால் படிக்கப்போகும் எழுத்துப் பிரதிகளைத் தயார் செய்தவர், பிறகு எனுகுவிலும் இருந்தார். எழுதியவரும் ஒலிபரப்பிலிருந்து வந்தவர், பேசியவரும் அங்கிருந்து வந்தவர். அந்த வசனம் எடோச்சி வாயில் ஒழுங்காக உட்கார்ந்ததற்கு எனக்குத் தெரிகிற காரணம் இதுதான்.

கேசட்கடை:
நீங்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள், நடுவில் ஒரு விஷயம். நான் பத்து வருடம் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தவன், எனக்கு இது வியாபாரமாகத்தான் தெரிகிறது. 1992-இல் கென்னத் என்னெபுவே என்ற கேசட் வியாபாரி 'லிவிங் இன் பாண்டேஜ்' படத்தை இக்போ மொழியில் எடுத்து, தியேட்டர் பக்கமே போகாமல் நேரே கேசட்டாக விற்றார், பிய்த்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு லாகோசின் இடுமோட்டா, அலாபா சந்தைகளிலும் ஒனிட்சாவிலும் கடை போட்டிருந்த வியாபாரிகள் கைக்குத் தொழிலே வந்துவிட்டது. அட்டையில் இருக்கும் முகத்தைப் பார்த்துத்தான் ஜனம் வாங்கும். அரசராக விற்ற முகத்தை அடுத்த படத்தில் குமாஸ்தாவாகப் போட எந்த வியாபாரிக்கு மனசு வரும்? யுனெஸ்கோ கணக்குப்படி 2006-இல் மட்டும் நைஜீரியாவில் 872 படங்கள், இந்தியாவுக்கு அடுத்த இடம், அமெரிக்காவே 485 தான். இத்தனை படத்துக்கு எத்தனை அரசர்கள் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கூத்துப்பித்தன்:
அண்ணே, வயிற்றுப்பாடு எனக்கும் புரிகிறது. ஆனால் நான் படத்தைத்தானே பார்க்க முடியும், கணக்கு நோட்டையா பார்ப்பேன்? இப்போது அவர் படத்தைப் போட்டு, அவர் சொல்லவே சொல்லாத பழமொழிகளை எல்லாம் எழுதி இணையம் முழுக்க மீம் சுற்றுகிறது. பாசத்தோடுதான் செய்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே வேடத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் ஊரே அதைக் காப்பியடிக்க முடியும்.

அலைவரிசை77:
'லயன்ஹார்ட்' பார்த்தீர்களா, இல்லையா? 2018, ஜெனிவீவ் என்னாஜி இயக்கி நடித்தது, நெட்ஃபிளிக்ஸில் இருக்கிறது. எனுகுவில் பஸ் கம்பெனி நடத்தும் அப்பாவாக எடோச்சி. உடம்பு படுத்ததும், திறமையான மகள் பக்கத்திலேயே இருக்க, தன் தம்பியைப் பொறுப்பில் உட்காரவைக்கிறார். சிம்மாசனமும் இல்லை, கர்ஜனையும் இல்லை. ஆஸ்கரில் ஆங்கிலம் அல்லாத படங்களுக்கான பிரிவுக்கு நைஜீரியா அனுப்பிய முதல் படம் அது. ஆங்கிலம் அதிகம் என்று 2019-இல் தள்ளிவிட்டார்கள், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் இக்போ சுமார் 11 நிமிடம்தானாம். அந்த நாட்டின் ஆட்சிமொழியே ஆங்கிலம் என்பது அவர்களுக்குக் கணக்கில்லை. ஒக்கொன்க்வோ ஏன் ஆங்கிலம் பேசினான் என்று நீங்கள் கேட்டதும் கிட்டத்தட்ட அதே கேள்விதான்.

கூத்துப்பித்தன்:
பார்த்தேன். அதில் நன்றாகவே இருக்கிறார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது என் கட்சிக்குத்தான் பலம், குரலை அடக்கியதும் நடிகர் வெளியே வருகிறார், அதற்கு 71 வயது ஆகவேண்டியிருந்தது. சரி, இவ்வளவு சொல்கிறீர்களே, ஒக்கொன்க்வோவை மறுபடி ஒருமுறை பார்க்கிறேன். இந்த முறை ஒலியை அணைத்துவிட்டு. முகமும் உடம்பும் என்ன செய்கின்றன பார்ப்போம். கேசட்கடை அண்ணே, உங்களிடம் பிரதி இருக்கிறதா?

கேசட்கடை:
இருக்கிறது தம்பி, தருகிறேன். ஆனால் கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நாலு தடவை ஏறி இறங்கியது, முகம் பாதி புகைமூட்டம். ஒலியையும் அணைத்தால் ஒன்றும் மிஞ்சாது.