செல்வி அத்தை போன், கண்ணாடி உடைந்த கதை

செல்வி அத்தை: போன் கை தவறி விழுந்து கண்ணாடி நொறுங்கிவிட்டது. ரிப்பேர் கடையில் நிற்கிறேன். போன் லாக்கைத் திறக்கும் பேட்டர்ன் கேட்கிறார்கள். போட்டுக் கொடுத்துவிடவா?

கார்த்தி: வேண்டாம் அத்தை! போன் இன்னும் உங்கள் கையில்தானே?

செல்வி அத்தை: ஆமாம்டா. அவர்கள் பில் சீட்டிலேயே பேட்டர்ன் வரைய ஒன்பது புள்ளி அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

பெரியப்பா: கதவுக் கீலுக்கு எண்ணெய் போட வந்தவன் பீரோ சாவி கேட்கிற மாதிரி இருக்கிறது.

கார்த்தி: புதுக் கண்ணாடி மாட்டிய பிறகு டச், கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமே பெரியப்பா. அதற்குத்தான் சாம்சங்கில் 2022இல் மெயின்டனன்ஸ் மோட் வந்தது. அத்தை, செட்டிங்ஸில் டிவைஸ் கேர் என்று இருப்பதில் போய்ப் பாருங்கள். ஆன் செய்தால் போன் ரீஸ்டார்ட் ஆகி, புதிதாக வாங்கியது போல வரும். உங்கள் போட்டோ, மெசேஜ் எதையும் கடைக்காரர் பார்க்க முடியாது. திரும்ப உங்கள் லாக் போட்டால்தான் பழையபடி ஆகும்.

மீனா: என் பிக்சலில் இதற்கு ரிப்பேர் மோட் என்று பெயர்.

செல்வி அத்தை: என் போனில் என்ன புதையலா இருக்கிறது? பேரன் போட்டோவும் கோலமும்தான். பேங்க் ஆப்புக்குத் தனி பின் இருக்கிறது.

கார்த்தி: ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்புக்கும் தனி அறை, ஒன்று உள்ளே வைத்ததை இன்னொன்று எடுக்க முடியாது. அது சரி. ஆனால் லாக்கைத் திறந்து கொடுத்துவிட்டால் கேலரி திறந்த வீடுதானே? உங்கள் ஆதார், பான், மாமாவின் பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் அங்கேதான். போன மாதம் இந்த குரூப்பிலேயே போட்டீர்கள். ஓடிபி வருவதும் அதே போனுக்குத்தான்.

மீனா: அம்மா, நோட்ஸில் ‘பால் கணக்கு’ என்று பெயர் வைத்து ஏடிஎம் பின் எழுதி வைத்திருக்கிறாயே, அது?

செல்வி அத்தை: குரூப்பில் ஏன்டி சொல்கிறாய்!!

மீனா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

பெரியப்பா: நான் படித்துவிட்டேன் 😂

கார்த்தி: அத்தை, முதலில் அந்தப் பால் கணக்கை அழியுங்கள். அப்புறம் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். கார்டில் இருக்கும் போட்டோவை எந்த லேப்டாப்பில் செருகினாலும் பார்க்கலாம். முக்கியமான போட்டோவுக்கு பேக்கப் இருக்கிறதா?

செல்வி அத்தை: அதெல்லாம் மீனா தீபாவளிக்கே எடுத்துவிட்டாள். கடைக்காரத் தம்பியிடம் இந்த மோடைக் காட்டினேன். “இது எங்களுக்கும் நல்லதுதான் அக்கா, அப்புறம் அதைக் காணோம் இதைக் காணோம் என்று சண்டை வராது” என்கிறார்.

பெரியப்பா: விவரமான பையன்.

செல்வி அத்தை: ஆன் செய்து சிம்மைக் கழற்றப் போகிறேன். ஏழு மணிக்குத் தருவாராம், அதுவரை யாரும் கூப்பிடாதீர்கள். மீனா, நீ வீட்டுக்கு வா, பேசிக்கொள்கிறேன்.