கலைச்சொல்: ‘பணியிடக் கற்றலா’, ‘பணிக்களக் கற்றலா’?

குழுவினருக்கு வணக்கம்.

நாம் தொகுக்கும் தொழிற்கல்விப் புள்ளிவிவரச் சொற்பட்டியலில், ஆங்கிலத்தில் work-based learning என்பதற்கு ‘பணியிடக் கற்றல்’ என்பதை இறுதி செய்துவிடலாம் என்று ஐயா எழுதியிருந்தார். கொஞ்சம் பொறுக்க வேண்டுகிறேன்.

> எளிய சொல், பார்த்ததும் புரிகிறது. ஏன் மாற்ற வேண்டும்?

பார்த்ததும் வேறொன்றாகப் புரிகிறது என்பதுதான் சிக்கல். ‘காலிப் பணியிடங்கள் நிரப்பப்படும்’ என்று நாளிதழ்கள் எழுதி எழுதி, பணியிடம் என்றாலே தமிழ்நாட்டில் பதவி என்றாகிவிட்டது. ‘பணியிடக் கற்றலில் உள்ளோர்’ என்று ஓர் அட்டவணைக்குத் தலைப்பிட்டால், வேலைக்குச் சேர்ந்தபின் பயிற்சி பெறும் அரசு ஊழியர் என்றே இங்கே பலரும் படிப்பார்கள்.

இந்தச் சொல் எதற்காக என்பதையும் மறக்கக் கூடாது. யுனெஸ்கோ, ஓ.இ.சி.டி. (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு), யூரோஸ்டாட் (ஐரோப்பிய ஒன்றியப் புள்ளிவிவர அலுவலகம்) மூன்றும் சேர்ந்து திரட்டும் கல்விப் புள்ளிவிவரத்தில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பள்ளியும் வேலையும் கலந்த படிப்பு என்று ஏற்க, பாடத்திட்டத்தில் பள்ளிப் பகுதி 75 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். வேலைப் பகுதி 90 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தப் படிப்பைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஜெர்மனியில் வாரத்தில் ஓரிரு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாட்கள் நிறுவனம். அந்தப் படிப்பு சிக்கலின்றி இந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. ஆகவே நமக்கு வேண்டியது ஒரு படிப்பின் பகுதியை, மணிக்கணக்கில் அளக்கக்கூடிய ஒன்றைக் குறிக்கும் சொல்.

என் பரிந்துரை: பணிக்களக் கற்றல்.

போர்க்களம், ஆடுகளம் போல, நடக்கும் செயலால் இடம் பெயர் பெறுகிறது. ரயில் பெட்டித் தொழிற்சாலையும் களம்தான், மருத்துவமனை வார்டும் களம்தான், காசிமேட்டில் கட்டி நிற்கும் விசைப்படகின் மேல்தளமும் களம்தான். ‘தொழிற்சாலைக் கற்றல்’ என்றால் பின்னவை இரண்டும் வெளியே நின்றுவிடும். ‘பணிக்கள நேரம்’, ‘பணிக்களப் பங்கு’, ‘பள்ளி–பணிக்கள இணைப்படிப்பு’ என்று கிளைச்சொற்களும் தடங்கலின்றிப் பிறக்கின்றன.

> ‘வேலைவழிக் கல்வி’ என்றால் என்ன குறை?

அது ஆதாரக் கல்விக்குப் பொருந்தும். 1937இல் காந்தியடிகள் முன்வைத்த அந்தத் திட்டத்தில் நூற்பின் வழியாகக் கணக்கும் மொழியும் கற்பிப்பது நோக்கம். இங்கே தொழிலின் வழியாக வேறொன்றைக் கற்கவில்லை, தொழிலையே கற்கிறார்கள்.

> ‘களப்பணி’யோடு குழம்பாதா?

களப்பணி என்பது ஆய்வுக்காகவோ கணக்கெடுப்புக்காகவோ வெளியே செல்வது. சொற்களின் வரிசை மாறும்போது பொருளும் மாறுவது தமிழருக்குப் புதிதில்லை. இந்த மறுப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. வடசென்னையில் ஒரே வேலையை மூன்று வழிகளில் கற்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் பொருத்துநர் (ஃபிட்டர்) பிரிவு மாணவர் இரும்புத் துண்டை அரத்தால் ராவி, மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து இடுக்கு தெரிகிறதா என்று பார்க்கிறார். தெரிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பத்தாம் வகுப்பு முடித்து நேரே வருபவர், ஐ.டி.ஐ. முடித்து வருபவர் என இரு வகையினரையும் பழகுநர்களாக (அப்ரெண்டிஸ்) சேர்க்கிறார்கள். காசிமேட்டிலோ, மெக்கானிக் கை நீட்டும்போது எந்த ஸ்பேனர் வேண்டும் என்று கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் இளைஞர் இருக்கிறார். டீசல் எஞ்சினின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்வார். அவரிடம் சான்றிதழ் ஒன்றும் இல்லை.

இம்மூவருக்கும் ‘தொழிற்பயிற்சி பெற்றவர்’ என்று ஒரே சொல்லைப் போட்டால், எந்த நாட்டோடும் நம்மை ஒப்பிட முடியாது. கடைசியாகச் சொன்னவரை விட்டுவிட்டால், நம் ஊரில் தொழில் தெரிந்தவர்களே குறைவு என்ற பொய்யான படம்தான் கிடைக்கும். 2017இல் தொடங்கிய தேசியத் தொழிலாளர் ஆய்வு முறைசார் பயிற்சியைத் தனியாகவும், குடும்ப வழியாக, தானாக, வேலை செய்துகொண்டே கற்றதைத் தனியாகவும் கேட்பது இதனால்தான். வேலை செய்துகொண்டே கற்பதற்குப் ‘பார்த்துப் பழகல்’ என்று வைக்கலாம். பட்டறைகளில் ‘பார்த்துப் பழகிக்கோ’ என்பது அன்றாடப் பேச்சு. ‘தொழிற்பழகுநர்’ என்பதை 1961ஆம் ஆண்டுப் பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஒதுக்க வேண்டும்.

‘தொழிற்கல்வி’யைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொறியியலையும் சட்டத்தையும்கூட நம் அரசாணைகள் அப்படித்தான் அழைக்கின்றன. யுனெஸ்கோவின் 2011 கல்வி வகைப்பாடோ பட்டப்படிப்பு நிலையிலிருந்து vocational என்பதை விட்டு professional என்ற சொல்லுக்கு மாறிவிடுகிறது. அந்த இடத்துக்கு இலங்கையில் புழங்கும் ‘வாண்மை’யை எடுத்துக்கொண்டு ‘வாண்மைக் கல்வி’ என்று பிரித்துவிடலாம் என்பது என் கருத்து. அதைத் தனி இழையில் பேசுவோம்.

தீராத ஒன்று பாக்கியிருக்கிறது. சட்டப்படி பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளர் அல்லர். ஆனால் பத்தாம் வகுப்பு முடித்து நேரே தொழிற்சாலைக்கு வந்தவரின் பணிக்களப் பங்கு 90 விழுக்காட்டைத் தாண்டினால், கல்விக் கணக்கிலும் அவருக்கு இடமில்லை. அவருக்கான அட்டவணைத் தலைப்பை என்னவென்று எழுதுவது? பயிற்சிக் கூடங்களில் பணியாற்றும் உறுப்பினர்கள் அங்கே புழங்கும் சொல்லைத் தெரிவித்தால் அதிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து