வேலைக்கு எவ்வளவு தூரம் போவியள்? உங்கட அனுபவத்தையும் போடுங்கோ

பருத்தித்துறைப் பெடியன்:
யாழ்ப்பாண டவுனில ஒரு கடைக்கு இன்டர்வியூவுக்குப் போனனான், "எங்கயிருந்து வாறீர் தம்பி" எண்டார், பருத்தித்துறை எண்டன், கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சிட்டார். 30 சொச்சம் கிலோமீற்றர் தானே ஐயா, 750 பஸ் ஓடுது, சும்மா வீட்டில இருக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு தூரமோ எண்டன். "வாறது சரி, இரவு கடை பூட்டினாப் பிறகு எதில போவீர்?" எண்டு கேட்டார் பாருங்கோ, வாயடைச்சுப் போச்சு. மோட்டச்சைக்கிள் எண்டால் சம்பளத்தில பெரும்பங்கு பெற்றோலுக்கே போயிடும். 2022 ஜூன் கடைசியில லீற்றர் 470 ரூபா, பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் குடுக்கிற கியூஆர் கோட் வந்து மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், நாளுக்கு 60 கிலோமீற்றருக்கு மேல ஓடுறவனுக்கு அது மூண்டு நாளுக்கே இழுபறி, அப்ப வேலையை விட்டிட்டு வந்த ஆக்கள் எங்கட ஒழுங்கையிலயே இருக்கினம்.

நெடுந்தீவு அக்கா:
நீங்கள் பஸ்ஸைப் பற்றிக் கதைக்கிறியள் 😀 எங்களுக்கு முதல் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வள்ளம், அதுவே ஒரு மணித்தியாலம் கிட்ட, பிறகுதான் பஸ் ஏறி புங்குடுதீவு வேலணை எல்லாம் தாண்டி பண்ணைப் பாலத்தால டவுன். தினம் வந்து போற கதையே இல்லை, அறை எடுத்துத்தான் தங்கோணும், அதுக்கு வாடகை குடுத்தால் வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? ஒரு முதலாளி கேட்டவர், "திங்கக்கிழமை விடிய வந்திடுவியள் தானே பிள்ளை?" எண்டு. கடல் அடிச்சா வள்ளம் ஓடாது ஐயா எண்டன், ஆள் நம்பேல்ல. அவருக்குக் கடல் எண்டால் அலை அடிக்காத கசூரினா பீச்தான் போல.

சாவகச்சேரி:
நான் ஆனையிறவு தாண்டி கிளிநொச்சிப் பக்கம் உடுப்புத் தைக்கிற காமென்ட்ஸ் பக்டரிக்குப் போறனான். இருட்டோட எழும்பி சோத்துப் பார்சலும் கட்டிக்கொண்டு சந்தியில நிண்டால் கொம்பனி பஸ் வந்து ஏத்தும், ஏறின உடன நித்திரைதான், அதே பஸ் பின்னேரம் கொண்டுவந்து விடும். இதுக்கு முதல் டவுனில ஒரு வேலை கிடைச்சது, எங்களுக்கு அது கிட்ட, ஆனா இரவில தனிய பஸ்ஸுக்கு நிக்கோணும் எண்டு அம்மா விடேல்ல. கிளிநொச்சிக்குக் கொம்பனி பஸ் எண்டோண்ண அம்மா ஒண்டுமே சொல்லேல்ல!

பருத்தித்துறைப் பெடியன்:
சாவகச்சேரி அக்கா, உங்கட கொம்பனி பஸ் எங்கட நெல்லியடிப் பக்கமும் வருதோ? தங்கச்சிக்குக் கேக்கிறன்.